பூஜ்யமா, குப்பையா?

"1024" என்ற எழுத்துகளை 1024 என்ற எண்ணா மாத்த எது வேகமான வழி? சி பிளஸ் பிளஸ் எழுதுற நாலு பேர் நடுவுல இதைக் கேட்டுப் பாருங்க, சண்டை நிச்சயம். ஆளாளுக்கு ஒரு பெஞ்ச்மார்க் வச்சிருப்பாங்க. நானும் வச்சிருந்தேன், அதாலயே ஒரு தடவை நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ஒரு கிளையன்ட்கிட்ட ஆறு மாச கான்ட்ராக்ட். தினமும் ராத்திரி வர்ற பெரிய டெக்ஸ்ட் ஃபைலைப் படிக்கிற புரோகிராம் ஆமை மாதிரி ஓடிச்சு. உள்ள பார்த்தா, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு புது ஸ்ட்ரிங்ஸ்ட்ரீம்! அது லொகேலைப் பார்க்கும், மெமரி ஒதுக்கும், அப்புறம்தான் எண் பக்கமே வரும். தூக்கிட்டு ஏடுஐ போட்டேன். வேகம் பல மடங்கு. டீம்ல ஒரே பாராட்டு.

ரெண்டு வாரம் கழிச்சு கணக்குப் பிரிவுல இருந்து ஃபோன். சில வரிகள்ல தொகை பூஜ்யமாம். ஏடுஐக்கு "0" கொடுத்தாலும் 0, காலி ஸ்ட்ரிங் கொடுத்தாலும் 0, "இல்லை"ன்னு கொடுத்தாலும் 0. எது நிஜ பூஜ்யம், எது குப்பைன்னு சொல்ல அதுக்கு வழியே கிடையாது. பழைய கோடு மெதுவா ஓடினாலும் அந்த வரிகளை எர்ரர்னு ஒதுக்கி வச்சிருந்தது. அந்தச் சோதனையையும் சேர்த்துத்தான் நான் தூக்கி எறிஞ்சிருக்கேன். மூணு ராத்திரி தூக்கம் போச்சு.

வேகம் வேண்டாம்னு சொல்ல வரல. ஜிடிஏ ஆன்லைன் லோட் ஆகக் காத்திருந்தே பாதி இளமை போனவங்க இங்க இருப்பீங்க. 2021ல வெளியில இருந்த ஒரு டெவலப்பர் அதைப் பிரிச்சுப் பார்த்தார். சுமார் 10 எம்பி ஜேசான், 63,000 பொருள்கள். படிக்கிறது எஸ்ஸ்கேன்எஃப். ஒவ்வொரு தடவையும் அது மிச்ச ஃபைலோட நீளத்தை முழுசா எண்ணிக்கிட்டு இருந்தது. அதையும், டூப்ளிகேட் தேடுற இடத்தையும் சரி பண்ணதும் லோடிங் நேரம் சுமார் 70% குறைஞ்சது. ராக்ஸ்டார் அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது.

இப்போ என் ஓட்டு, சி பிளஸ் பிளஸ் 17ல வந்த ஃப்ரம்_சார்ஸுக்கு. லொகேல், மெமரி ஒதுக்கல், எக்ஸெப்ஷன் எதுவும் கிடையாது. தப்பான இன்புட்டா, ஓவர்ஃப்ளோவான்னு தனித்தனியா சொல்லும். ஆனா திரும்பி வர்ற பாயின்டரையும் கட்டாயம் பாருங்க. "12கிலோ" கொடுத்தா 12ஐ மட்டும் எடுத்துக்கிட்டு வெற்றின்னுதான் சொல்லும்.

இன்னொண்ணு, நம்ம ஆட்களுக்காக. பைத்தான் இன்ட்டுக்கு "௧௨"ன்னு தமிழ் இலக்கத்துல கொடுங்க, அழகா 12 வரும். ஏடுஐக்குக் கொடுத்தா வழக்கம்போல சத்தமில்லாம 0. "௰௨"ன்னு பழைய முறையில எழுதினா பைத்தானும் எர்ரர் கொடுக்கும், ஏன்னா ௰ ஒரு இலக்கம் இல்ல, பத்துங்கிறதுக்கான தனிக் குறி.