செருப்பினுள் சிக்கிய பரல்

தபசுக் காலம் நெருங்க நெருங்க, ஞான ஒடுக்கத்துக்கு வருவோரின் தொகை நம் இல்லங்களில் பெருகுவதும், அவர்களுள் பலர் முதல்நாள் மாலையிலேயே நம் அறைக் கதவருகே வந்து நின்று, "சாமி, முன்போலச் செபம் வரவில்லை, ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது" என்று தயங்கித் தயங்கிச் சொல்வதும், இப்பணியில் இருக்கும் நாம் ஆண்டுதோறும் கண்டு பழகிய காட்சியே. காட்சி பழகிப்போனதால் நம் விடையும் பழகிப்போய்விட்டது. இன்னும் அதிகமாகச் செபியுங்கள், ஆழ்ந்து ஆத்தும சோதனை செய்து நல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணுங்கள், ஒருசந்தி ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். இம்மருந்தில் குற்றமில்லை, ஆயினும், குறுக்கே நிற்பது இன்னதென்று தெரிந்துகொள்ளாமல் கொடுத்தால், சிலருக்கு அதுவே நோயின் உணவாகிவிடும் என்பதை ஆன்ம குருக்களாகிய என் சகோதரர்களுக்கு நினைவூட்டவே இந்தப் பக்கங்களை எடுத்துக்கொள்கிறேன்.

கோபம், சோம்பல், பொருளாசை, மோகம் ஆகிய தடைகளைப் பற்றி இங்கே நீட்டி எழுதப் போவதில்லை. அவற்றால் இடறி விழுகிறவனுக்குத் தான் விழுந்தது தெரியும். எழுப்பிவிடக் கை ஒன்றுதான் அவனுக்குத் தேவை. பக்தியின் உடையைப் போர்த்துக்கொண்டு வருகிற தடையோ வேறு ஜாதி. அதற்கு ஆட்பட்டவன் தான் சர்வேசுரனுக்கு மேலும் மேலும் பிரமாணிக்கமாய் நடப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பான். இத்தகைய தடையின் இயல்பை அறிய அர்ச். இஞ்ஞாசியார் மன்ரேசாவில் கழித்த மாதங்களைக் காட்டிலும் தெளிவான சரித்திரம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

1521-ஆம் ஆண்டு மே மாதம் பம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, லொயோலா மாளிகையில் படுக்கையோடு கிடந்த அந்தப் போர்வீரர், பொழுது போக்க வீரர் கதைகளைக் கேட்டபோது, அவை அவ்வீட்டில் இல்லாமையால், லுடோல்ஃப் என்னும் துறவி இயற்றிய கிறீஸ்து நாதரின் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரங்களும் அவர் கையில் வந்தன என்பதும், உலகக் கீர்த்தியை எண்ணியபோது பிறந்த இன்பம் பின்னர் மனத்தை வறளவிட்டுச் சென்றதையும், அர்ச்சியசிஷ்டவர்களைப் பின்பற்ற எண்ணியபோது பிறந்த இன்பம் எண்ணம் அகன்ற பின்பும் தங்கி நின்றதையும் அவர் கண்டுகொண்டார் என்பதும் நாம் ஒடுக்கந்தோறும் எடுத்துச் சொல்கிற செய்தி. நாம் விரைந்து தாண்டிவிடுவது அதன் பின் நேர்ந்ததை. 1522-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மொன்செராத் மலையிலுள்ள ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் தம் வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுத்தில் வடித்து, மூன்று நாள் பாவசங்கீர்த்தனம் செய்து, உடைவாளை அங்கேயே விட்டுவிட்டு மன்ரேசாவுக்கு இறங்கி வந்தவருக்கு, ஏதோ ஒரு பாவத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டோம் என்ற நெருடல் சில மாதங்களில் தொடங்கிற்று. திரும்பத் திரும்பச் சொன்னார், ஆறுதல் கிட்டவில்லை. நினைவிலுள்ள அனைத்தையும் எழுதிக் கொண்டுவரும்படி ஒருவர் சொன்னார்; எழுதினார்; எழுதிய பின்பு இன்னும் நுண்ணிய பாவங்கள் தோன்றின. மிகத் தெளிவாகத் தெரிவதைத் தவிர, கடந்துபோன எதையும் இனிச் சொல்ல வேண்டாம் என்று அவருடைய ஆன்ம குரு கட்டளையிட்டார். அவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தது!

நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் முழந்தாளில் நின்று செபித்தவர் அவர். சாமிநாதர் சபை மடத்தில் அவர் தங்கியிருந்த சிற்றறையில், செபிக்கும் இடத்துக்கு அருகில் பெரிய துவாரம் ஒன்று இருந்தது. அதன் வழியே விழுந்து உயிரை மாய்த்துக்கொள்ளும்படி உக்கிரமான சோதனை எழ, சர்வேசுரனுக்கு மனநோவு தரும் காரியம் எதையும் செய்யமாட்டேன் என்று கதறிக் கதறி அதனை விலக்கினார். ஒரு ஞாயிறு தொடங்கி மறு ஞாயிறு வரை யாதொன்றும் உண்ணாதிருந்தார். ஆன்ம குரு உபவாசத்தை விடச் சொன்னபோது கீழ்ப்படிந்தார். இரண்டு நாள் அமைதி இருந்தது. மூன்றாம் நாள், பாவம் ஒன்றன்பின் ஒன்றாய் நூலில் கோத்ததுபோல் மீண்டும் வந்தது. அதன் முடிவில், தொடங்கிய நல்வாழ்வையே விட்டுவிட வேண்டும் என்ற வெறுப்பும் வந்தது. அந்த வெறுப்பைக் கண்டபோதுதான் கனவிலிருந்து விழித்தவர்போல் ஆகி, இந்த ஆவி எந்த வழியாய் உள்ளே வந்தது என்று பின்னோக்கி ஆராய்ந்து, கடந்த காலப் பாவங்களை இனிப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதில்லை என்று தீர்மானித்தார். செபமும் தபசும் அவரிடம் குறைவாக இருந்தனவா? ஒருநாளும் இல்லை. அவரை விடுவித்தது, எதை நிறுத்த வேண்டும் என்று கண்டுகொண்ட அந்தத் தெளிவே.

இந்த நெருடலுக்கு லத்தீன் மொழியில் வழங்கும் சொல்லுக்குக் கூரிய சிறு கல் என்பது பொருள். செருப்பினுள் சிக்கிய பரல் என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். நான் அதனை நூலில் மட்டும் படித்தவனல்லேன். குருமடத்தில் தத்துவ சாஸ்திரம் பயின்ற இரண்டாம் ஆண்டில், கட்டளைச் செபத்தின் சங்கீத வரி ஒன்றைக் கவனமில்லாமல் சொல்லிவிட்டேனோ என்ற ஐயம் எழுந்து, அவ்வரியையும், பின்னர் அச்சங்கீதம் முழுவதையும் மறுபடி மறுபடி சொல்லத் தலைப்பட்டு, விளக்கணைக்கும் மணி அடித்த பின்பும் வராந்தாவின் முனையில் எரிந்த சிறு விளக்கின் அடியில் விரலை வரிமேல் ஊன்றியபடி நின்றதுண்டு; விரல் பட்டுப் பட்டு அந்தப் பக்கத்தின் ஓரம் துணிபோல் நைந்துவிட்டது. அப்போது எனக்கு வாய்த்த ஆன்ம குரு நல்லவர். ஆனால் எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். ஒரு நோட்டுப் புத்தகம் மூன்றாயிற்று. அடுத்த ஆண்டு வந்த முதியவரோ அந்த மூன்றையும் திறந்து பார்க்கவில்லை. "எந்த வரியையும் இரண்டாம் முறை சொல்லாதே தம்பி. விட்டுப்போயிற்று என்று தோன்றினால் விட்டுப்போகட்டும். ஆண்டவர் கணக்குக் கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார். அன்றிரவு ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக என் உடம்பு வியர்த்தது. பல மாதங்கள் கழித்தே பரல் விழுந்தது.

பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் 1548-இல் அங்கீகரித்த, இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகள் என்னும் நூலில் அவருடைய மன்ரேசா அனுபவம் முழுவதும் விதிகளாக உறைந்து கிடக்கிறது. பாவத்திலிருந்து பாவத்துக்குப் போகிறவனிடத்தில் மனச்சாட்சியைக் குத்துவது நல்ல ஆவி. புண்ணியத்தில் முன்னேறுகிறவனிடத்தில் குத்தி, கலக்கி, இல்லாத தடைகளை எழுப்பி வழிமறிப்பது தீய ஆவி. குத்து ஒன்றே, குத்துகிற கை வேறு. ஆதலால் "என்ன வருத்துகிறது?" என்று கேட்பதற்கு முன், இந்த ஆத்துமம் எந்தத் திசையில் நடந்துகொண்டிருக்கிறது என்று நாம் பார்த்தாக வேண்டும். தடித்த மனச்சாட்சியைப் பசாசு மேலும் தடிக்கச் செய்யும், மெல்லிய மனச்சாட்சியை அறுந்துபோகும் அளவுக்கு மெல்லியதாக்கும் என்றும், ஆத்துமம் அதற்கு எதிர்த்திசையில் செல்ல வேண்டும் என்றும் இஞ்ஞாசியார் கற்பிக்கிறார். வழியில் சிலுவைபோல் கிடந்த இரண்டு வைக்கோலைத் தெரியாமல் மிதித்துவிட்டுப் பாவம் செய்துவிட்டேன் என்று ஒருவன் முடிவு கட்டினால், அது அறிவின் பிழை மட்டுமே. எடுத்துச் சொன்னால் தீர்ந்துவிடும். செய்தேனோ செய்யவில்லையோ என்று பின்பும் அலைக்கழிப்பதே மெய்யான நெருடல். அதற்கு விளக்கம் சொல்லச் சொல்ல அது வளரும். இப்படி அலைக்கழிவோருள் சிலருக்கு வைத்தியரின் உதவியும் வேண்டியிருக்கும். அவ்வுதவியை நாடச் சொல்வது விசுவாசக் குறைவு என்று நம்மில் எவரும் எண்ணலாகாது.

வறட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. அது நம் அசட்டையாலும் வரும், சோதித்துப் பார்ப்பதற்காகவும் வரும், ஆறுதல் என்பது இலவச வரப்பிரசாதம் என்று உணர்த்துவதற்காகவும் வரும். அசட்டைதான் காரணம் என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டுகிற அவசரம் நம்மில் மிகுதி. எக்காரணத்தால் வந்தாலும், வறட்சிக் காலத்தில் முன்செய்த தீர்மானத்தை மாற்றலாகாது என்ற விதியை மட்டும், மடத்தை விட்டுப் போகிறேன் என்று இரவில் வந்து நிற்கும் இளம் கன்னியருக்கும், குருத்துவத்தைத் துறக்கத் துணியும் சகோதரருக்கும் நாம் அன்போடு சொல்லியாக வேண்டும்.

ஆனால் ஆறுதலையும் சோதிக்க வேண்டும் என்பதே நம்மில் பலர் மறந்துபோவது. மன்ரேசாவில் இஞ்ஞாசியார் உறங்கப் போகும் வேளையில் பெரிய பெரிய ஞானத் தெளிவுகள் தோன்றி, அவர் ஒதுக்கியிருந்த சொற்ப உறக்கத்தையும் பறித்தன. சர்வேசுரனோடு உரையாட நாள் முழுவதும் நேரம் குறித்திருக்கிறதே என்று சிந்தித்து, அவற்றை விட்டுவிட்டு உறங்கினார். மேலும், பட்டப்பகலில் அந்தரத்தில் சர்ப்பம்போன்ற வடிவம் ஒன்று, கண்களைப் போன்ற பல ஒளிப்புள்ளிகளோடு அவருக்கு அடிக்கடி தோன்றிற்று, மிக அழகாயிருந்தது, பார்க்கப் பார்க்க ஆறுதல் தந்தது, மறைந்தபோது வருத்தம் தந்தது. கார்தொனேர் நதிக்கரையில் அமர்ந்திருந்தபோது பெரும் ஞான ஒளி அவருக்கு அருளப்பட்டது. எழுந்துபோய் அருகிலிருந்த சிலுவையடியில் முழந்தாளிட்டபோது அதே வடிவம் மீண்டும் தோன்றிற்று. இம்முறை அதன் நிறம் மங்கியிருந்தது. அது பசாசு என்று அவருடைய சித்தம் உறுதியாய்த் தெளிந்தது. அதன் பின்பும் அது நெடுங்காலம் அவருக்குத் தோன்றிக்கொண்டேதான் இருந்தது. அவரும் அதனோடு வாதம் செய்யாமல், கையிலிருந்த ஊன்றுகோலால் அலட்சியமாய் விலக்கிவிட்டு நடந்தார்.