சூரியன் இசைந்தால் வெளிவரும் சஞ்சிகை

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அவ்வாறு எழுதுபவரின் மேசை விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்று வாசகர் எவரேனும் கேட்டதுண்டா? கேட்டால் பலர் தடுமாறுவர். ஊருக்கு உபதேசம் என்பது பழைய தொழில்; அவ்வுபதேசத்தைத் தம் வீட்டுக் கணக்கிலும் எழுதிக்கொள்வோர் சிலரே. அத்தகைய ஒருவரைப் பற்றியும் அவர் நடத்தும் சிறு சஞ்சிகையைப் பற்றியும் இவ்வாரம் நேயர்களுடன் பேச விழைகின்றேன்.

அவர் பெயர் கிறிஸ் டி டெக்கர். பெல்ஜியத்தைச் சேர்ந்த பத்திரிகையாளர்; ஸ்பானிய தேசத்துப் பார்சிலோனா நகரில் வாழ்பவர். 2007 ஆம் ஆண்டில் ‘லோ-டெக் மகசீன்’ என்னும் சஞ்சிகையை இணையத்தில் தொடங்கினார். எளிய தொழில்நுட்பம் என்பதே அப்பெயரின் பொருள். காற்றாலைகள், மிதிவண்டிகள், வெப்பத்தைக் காக்கும் உடைகள், பழைய நாளைய அடுப்புகள் என்றிவற்றை ஆராய்ந்து, முன்னோர் கைவிட்ட அறிவில் இன்றைக்கு உதவுவது யாது என்று எழுதுவது அதன் பணி. புதியதெல்லாம் நன்று என்னும் மயக்கத்தைத் தெளிவிப்பதே அதன் கொள்கை எனலாம்.

இங்கே ஒரு முரண் தோன்றியது. இணையத்தில் வெளிவரும் எழுத்து ஆகாயத்தில் மிதப்பதன்று. எங்கோ ஓரிடத்தில் ஒரு கணினி இரவும் பகலும் விழித்திருந்து, கேட்பவர்க்கெல்லாம் அக்கட்டுரைகளை எடுத்து அனுப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். அதனைச் சேவையகம் என்பர். இத்தகைய கணினிகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்ட பெருங் கூடங்கள் உலகெங்கும் உள்ளன. அவை சூடேறாதிருக்கக் குளிரூட்டும் இயந்திரங்கள் ஒருபுறம். மின்சாரம் ஒரு கணமும் தடைப்படாதிருக்க டீசல் இயந்திரங்கள் மறுபுறம். சிக்கனத்தைப் போதிக்கும் சஞ்சிகை இக்கூடங்களின் நிழலில் வாழ்வது தகுமோ?

தகாது என்று முடிவு செய்தார் ஆசிரியர். 2016 ஆம் ஆண்டிலேயே தம் வீட்டிலுள்ள அலுவல் அறையைச் சூரிய மின்சாரத்தால் நடத்திப் பார்த்தவர் அவர். 2018 செப்டம்பரில், வடிவமைப்பாளர் சிலரின் துணையோடு, சஞ்சிகையையே சூரியனிடம் ஒப்படைத்தார். பல்கணியில் 50 வாற்று வலுவுள்ள ஒரு சூரிய மின்தகடு. வீட்டினுள் ஒரு பற்றரி. அதன் அருகே கைக்குள் அடங்கும் ஒரு சிறு கணினிப் பலகை. சஞ்சிகையின் ‘பட்டறை’ அவ்வளவே! அக்கணினி உண்ணும் மின்வலு 1 வாற்றுக்கும் இரண்டரை வாற்றுக்கும் இடைப்பட்டது.

இதன் சிறுமையை மாணவர்கள் உணர்தல் வேண்டும். முதலாண்டில் அதன் சராசரிச் செலவு 1 வாற்றுக்குச் சற்றே மேற்பட்டிருந்தது. அக்கணக்கின்படி ஓராண்டு முழுவதும் ஓடினாலும் ஏறத்தாழ 10 அலகு மின்சாரமே செலவாகும். நம் வீட்டில் 9 வாற்று மின்குமிழ் ஒன்றை நாள்தோறும் மூன்று மணி நேரம் எரித்தால் ஆண்டிறுதியில் வரும் கணக்கும் அதுவே. ஒரு பிள்ளை மாலையிற் பாடம் படிக்கும் வெளிச்சத்தின் செலவில் உலகெங்கும் வாசகரை உடைய சஞ்சிகையொன்று நடந்துவிடுகின்றது.

ஆயினும், தகட்டையும் பற்றரியையும் வாங்கிப் பூட்டியதனால் மட்டும் இது கைகூடவில்லை. முதலில் செலவு குறைக்கப்பட்டது. பின்னரே வரவு தேடப்பட்டது. இக்கருமத்தின் உயிர்நிலை இதுவே.

இக்காலத்து இணையப் பக்கங்கள் பல, வாசகர் கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சமைக்கப்படுவன. இச்சஞ்சிகையின் பக்கங்களோ ஒருமுறை சமைத்து எடுத்து வைத்த பலகாரம் போன்றவை; கேட்டவர்க்கு அப்படியே பரிமாறப்படுகின்றன. தனி எழுத்துருவையும் தூர தேசத்திலிருந்து அனுப்பாமல், வாசகரின் கணினியில் முன்னமே உள்ள எழுத்தையே பயன்படுத்தினர். படங்களைப் பல வண்ணச் சுமையோடு அனுப்பாமல், ஒரே வண்ணத்துப் புள்ளிகளால் ஆக்கி அனுப்பினர். இதனால் படத்தின் பாரம் பத்திலொன்றாகவும் குறைந்தது. பழைய பத்திரிகைப் படங்களைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தவர்க்கு இது புதிதன்று. கறுப்புப் புள்ளிகள் நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம்; அச்சுக்கூடத்தார் நெடுங்காலமாகச் செய்துவந்த உபாயம் அது. இப்புதிய சஞ்சிகையின் அழகும் அவ்வெளிமையிலிருந்தே பிறந்தது.

சரி, சூரியன் மறைந்திருந்தால்? சஞ்சிகையும் மறைந்துவிடும்! இதனை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. பற்றரியில் எஞ்சியுள்ள மின்சாரத்தின் அளவைப் பக்கத்தின் பின்னணி நிறமே வாசகர்க்குக் காட்டும். பார்சிலோனாவின் வானிலை முன்னறிவிப்பும் அங்கே தரப்படும். மழை முகில் தொடர்ந்து சூழ்ந்தால், இன்று சஞ்சிகை இல்லை. நாளை வெயில் எறித்தால் மீண்டும் வரும்.

2018 டிசம்பர் முதல் 2019 நவம்பர் வரையிலான 351 நாட்களுக்கு அவர்கள் கணக்கு வைத்தனர். அக்காலத்தில் 399 மணி நேரம் சஞ்சிகை கிடைக்கவில்லை. நூற்றுக்கு 95.26 பங்கு நேரம் அது கிடைத்தது. பெருங் கம்பனிகளின் அளவுகோலால் அளந்தால் இது தோல்வியே. ஆனால் எஞ்சிய 5 பங்கை நிறைவு செய்ய என்ன செலவாகும் என்று பார்த்தல் வேண்டும். ஒரு நாள் முகிலைத் தாங்கச் சிறு பற்றரி போதும். ஒரு வார முகிலைத் தாங்க அதனிற் பன்மடங்கு பெரியது வேண்டும். அந்தப் பெரும் பற்றரி ஆண்டில் சில நாட்களே பயன்படும். மற்றைய நாட்களெல்லாம் இருந்து பழுதாகும். அதனை ஆக்குவதற்கும் ஈயம் தோண்டப்படுகின்றது, எரிபொருள் எரிக்கப்படுகின்றது. சில ஆண்டுகளில் அதுவும் மாற்றப்படல் வேண்டும்.

கலியாணத்துக்கு முந்நூறு பேர் வருவர் என்பதற்காக முந்நூறு கதிரைகளை வாங்கி ஆண்டு முழுவதும் வீட்டில் அடுக்கி வைப்பாருண்டோ? இல்லை, அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பர். வெயிலை வாடகைக்கு எடுத்தல் இயலாது. ஆகையால், ஒரு கட்டுரையை நாளை வாசித்தால் நட்டமொன்றும் இல்லை என்றால், நாளைவரை காத்திருப்பதே சிக்கனம்.

என் நண்பர் ஒருவர் இதனைக் கேட்டுச் சிரித்தார். “ஆசுபத்திரியில் சத்திர சிகிச்சை நடக்கும்போது முகில் மூடினால், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லலாமோ?” என்றார். சொல்லலாகாது. அதனாலேயே இக்கேள்வி நன்மை பயக்கின்றது. ஒரு கணமும் தடைப்படலாகாத பணி எது, தடைப்பட்டாலும் பொறுக்கத்தக்க பணி எது என்று நாம் பிரித்துப் பார்ப்பதேயில்லை. எல்லாவற்றையும் ஆசுபத்திரியாகக் கருதி மின்சாரத்தை வாரி இறைக்கின்றோம். பொறுக்கத்தக்கவை பொறுத்தாலல்லவா பொறுக்க இயலாதவற்றுக்கு மிஞ்சும்?

குறையும் ஒன்றுண்டு. அக்கணினியை இணையத்தோடு பிணைக்கும் கருவி பொதுக் கம்பியின் மின்சாரத்திலேயே ஓடியது. கட்டுரைகளை வாசிப்போரின் கணினிக்கும் மின்சாரம் வேண்டும். முற்றிலும் தூய செயல் என்று எதனையும் சொல்லிவிட இயலாது. ஆயினும், தன் குறையைத் தானே எழுதி வாசகர் முன் வைக்கும் பத்திரிகை நம்பிக்கைக்கு உரியது.

பணத்துக்கு என்ன வழி? இதுவும் அறியத்தக்கது. அச்சஞ்சிகை விளம்பரத்தை ஏற்பதில்லை. பழையதைத் திருத்திப் பாவியுங்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, புதியதை வாங்குங்கள் என்று மறுபக்கத்தில் விளம்பரம் இடுவது எங்ஙனம்? வாசகர் விரும்பி அளிக்கும் சிறு தொகைகளும், கட்டுரைத் தொகுப்பு நூல்களின் விற்பனையும் அதனைத் தாங்குகின்றன. அந்நூல்கள் 2019 முதல் வெளிவந்தன. கேட்டவர்க்கு மட்டும் படி அச்சிடப்படுவதால் விற்காத நூல்கள் குவிந்து கறையான் வாய்ப்படுவதில்லை. முகில் மூடிய நாளிலும் புத்தகத்தை வாசிக்கலாம். அதற்குப் பற்றரி வேண்டியதில்லை.

இம்முயற்சிக்கு முன்னோடியும் உண்டு. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்து மலைப்புறத்தில், மின்கம்பி எட்டாத இடத்தில் வாழ்ந்த றிச்சர்ட் பெரெஸ், கரன் பெரெஸ் என்னும் தம்பதியர் 1987 நவம்பரில் ‘ஹோம் பவர்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கினர். வீட்டிலேயே மின்சாரம் ஆக்குவது எவ்வாறு என்று கற்பிப்பது அதன் நோக்கம். எழுதுதலும் பக்கம் அமைத்தலும் அவர்கள் தாமே ஆக்கிய சூரிய மின்சாரத்தில் நடந்தன. முதலில் இலவசமாக அனுப்பப்பட்ட அச்சஞ்சிகை, 31 ஆண்டுகள் நிலைத்து, 2018 இறுதியில் தன் பணியை முடித்துக்கொண்டது. அதே 2018 ஆம் ஆண்டில் பார்சிலோனாவின் பல்கணியில் மற்றொரு தகடு ஏறியது. ஒரு விளக்கு அவியுமுன் மற்றொன்று ஏற்றப்பட்டதுபோல் இருந்தது அது.

இவற்றையெல்லாம் வாசிக்கும்போது என் மனம் பிற தேசத்தில் நிற்பதில்லை. பற்றாக்குறையிற் பத்திரிகை நடத்துவதை நாமும் கண்டவர்களல்லவா? 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. ஆண்டுகள் பலவாக வரவேயில்லை. வெற்றுப் போத்தலில் திரியிட்ட குப்பி விளக்கில் பிள்ளைகள் படித்தனர். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டனர். கடதாசி கிடையாத நாட்களில் நாளிதழ்கள் கோடிட்ட கொப்பித் தாளிலும் அச்சாகி வந்தன. அன்று தேவை நெருக்கிக் கற்பித்த பாடம் அது. நெருக்கடி நீங்கியதும் பாடத்தையும் மறந்தோம்.

2022 ஆம் ஆண்டு அதனை மீண்டும் நினைவூட்டிற்று. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கடதாசித் தட்டுப்பாட்டால் கொழும்பு நாளிதழ்கள் சில தம் சனிக்கிழமை அச்சுப் பதிப்பையே நிறுத்தின. கூரையிற் சூரிய மின்தகடு பூட்டிய வீடுகள் பலவும் அப்போது இருளில் இருந்தன என்பது பலர்க்கு வியப்பளித்தது. பற்றரியின்றிப் பொதுக் கம்பியோடு மட்டும் இணைந்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியைத் திருத்த ஏறும் தொழிலாளியின் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. தகடு இருந்தால் தன்னிறைவு வந்துவிட்டது என்று எண்ணுவோர் இதனை முன்கூட்டியே அறிந்துகொள்ளல் நன்று.

ஆகவே, மாணவர்களுக்கு இவ்வாரம் ஒரு வேலை தருகின்றேன். ஒரு கொப்பியை எடுங்கள். வீட்டிலுள்ள மின் கருவிகள் ஒவ்வொன்றின் வாற்று அளவையும், அது நாளொன்றுக்கு ஓடும் மணி நேரத்தையும் எழுதிப் பெருக்குங்கள். 9 வாற்று மின்குமிழ் ஐந்து மணி நேரம் எரிந்தால் 45 வாற்று-மணி. 60 வாற்று மின்விசிறி எட்டு மணி நேரம் சுழன்றால் 480 வாற்று-மணி. ஆளில்லாத அறையிற் சுழலும் விசிறியொன்று பத்து விளக்குகளின் உணவை உண்கின்றது என்பது அப்போது புலப்படும். பின்னர் ஒவ்வொன்றுக்கும் எதிரே, ‘நில்லாது வேண்டும்’, ‘காத்திருக்கலாம்’, ‘வேண்டியதில்லை’ என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். பெற்றோரும் உடனிருந்து இதனைச் செய்யட்டும். மருந்தைக் குளிரில் வைக்கும் பெட்டி எப்பிரிவில் வரும், சலவை இயந்திரம் எப்பிரிவில் வரும் என்று வீட்டில் வாதம் எழுமாயின், அது நல்ல வாதமே.

சூரிய மின்தகடு வாங்க எண்ணும் குடும்பத்தார் முதலில் இந்தக் கொப்பியை முடிக்கட்டும். அதன் பிறகு கடைக்குச் செல்லட்டும். தேவையை அளவாமல் தகட்டை அளப்பவர், விற்பவர் சொல்லும் அளவையே வாங்கிவருவர்.

எல்லாம் எப்போதும் கிடைத்தல் வேண்டும் என்பது இக்காலத்து ஆசை. அந்த ஆசைக்கு விலை உண்டு. அவ்விலையை நம் பிள்ளைகளின் கணக்கில் எழுதி வைக்கின்றோம். பார்சிலோனாவின் வீடொன்றிலுள்ள சிறு கணினி, முகில் மூடிய நாளில் ஓய்கின்றது. வெயில் திரும்பியதும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து தன் பணியைத் தொடர்கின்றது. அவ்வோய்வினால் உலகம் கெட்டுவிடவில்லை. வாசகரும் அதனைக் கைவிடவில்லை.