சம்பளத்துக்கு வாசிப்பவர்கள்

பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் 'தி வால்' நிகழ்ச்சி 1980, 81 ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸ், லண்டன் என்று ஒருசில ஊர்களில் மட்டும் நடந்தது. பாட்டு நடக்க நடக்க, மேடைக்கும் ரசிகர்களுக்கும் நடுவில் அட்டைச் செங்கற்களால் பெரிய சுவரை எழுப்புவார்கள். டிக்கெட் விற்றுத் தீர்ந்தும் செலவு கட்டுபடியாகவில்லை. நஷ்டத்தை உறுப்பினர்கள் மூவரும் சுமந்தார்கள். அதே மேடையில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் மட்டும் பணத்தோடு வீடு திரும்பினார். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர்தான் அவர். ஆனால் குழுவின் இன்னொரு உறுப்பினரான ரோஜர் வாட்டர்ஸோடு ஒத்துப்போகாமல் வெளியேற்றப்பட்டு, பிறகு அதே வேலைக்குச் சம்பளம் பேசி அழைக்கப்பட்டிருந்தார்.

ராக் ரசிகர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தன் சொந்தப் பாட்டுக்கே கூலியாளாக நிற்பது எப்படி இருந்திருக்கும்?

பெரிய ராக் குழுக்களின் மேடையை உற்றுப் பாருங்கள். சுவரொட்டியில் நான்கு முகங்கள் இருக்கும், மேடையில் பத்துப் பேர் வாசிப்பார்கள். இரண்டாவது கிட்டார், சாக்ஸபோன், பின்னணிக் குரல்கள் எல்லாம் சம்பளக்காரர்கள். வாரத்துக்கு இவ்வளவு, கச்சேரிக்கு இவ்வளவு என்று பேச்சு. சாப்பாட்டுக்குத் தினப் பேட்டா. சுற்றுப்பயணம் முடிந்தால் அடுத்த அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். 2020-இல் கொரோனாவால் அரங்குகளைப் பூட்டியபோது, பாட்டின் உரிமை கையில் இருந்தவர்களுக்கு ராயல்டி வந்துகொண்டிருந்தது. இவர்களுக்கோ வாசித்தால்தான் காசு.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும். 1993-இல் பில் வைமன் விலகியதும் பேஸ் கிட்டாருக்கு வந்தவர் டேரில் ஜோன்ஸ், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸிடம் வாசித்த சிகாகோக்காரர். ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை டிரம்மர் சார்லி வாட்ஸிடம் விட்டார்களாம். பேஸும் டிரம்ஸும் சேர்ந்து நடக்க வேண்டியவை என்பதால் அது சரியான முடிவு. வைமன் குழுவில் இருந்தது முப்பது ஆண்டு. ஜோன்ஸும் முப்பது ஆண்டைத் தொட்டுவிட்டார், உறுப்பினராகாமலே. 1982 முதல் கீபோர்டு வாசிக்கும் சக் லீவெலும் அப்படித்தான். எந்தப் பாட்டு எந்தச் சுருதியில், என்ன வேகத்தில், எந்த இடத்தில் திரும்புகிறது என்று கைப்பட எழுதிய நோட்டுகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கிறார். நடுவில் குழப்பம் வந்தால் குழுவே அவரைத்தான் திரும்பிப் பார்க்கும். அவர் மட்டும் இல்லையென்றால் ஸ்டோன்ஸுக்கே ஸ்டோன்ஸ் பாட்டு மறந்துபோகும் என்று நினைக்கிறேன்.

மேடையைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய குறை இல்லை. அன்றைய வாசிப்புக்கு அன்றைய கூலி. நஷ்டம் வந்தால் அது முதலாளியின் தலைவலி. ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் கணக்கு உதைக்கிறது.

1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே ரிச்சர்ட் ரைட் அமைத்த பியானோ இசை ஒன்று, 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்துக்காகக் குரலை எதிர்பார்த்துக் கிடந்தது. ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் சொல்லி, கிளேர் டோரி என்ற 25 வயதுப் பெண்ணை லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவுக்கு வரவழைத்தார்கள். பாட வரியும் கிடையாது, மெட்டும் கிடையாது. முதலில் 'பேபி, பேபி' என்று ஏதோ இழுத்துப் பார்த்தார். வார்த்தையே வேண்டாம் என்றார்கள். சரி, என் குரலும் ஒரு வாத்தியம் என்று நினைத்துக்கொண்டு பாடினார். சில டேக்குகளில் வேலை முடிந்தது. ஞாயிறு என்பதால் இரட்டைக் கூலி: 30 பவுண்டு. தன் குரலை ஆல்பத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்பதே, பிறகு கடையில் ரெக்கார்டு உறையில் பெயரைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது. 'தி கிரேட் கிக் இன் த ஸ்கை' என்ற அந்தப் பாட்டில் குரல் ஏறுகிற இடத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கதறலாகத் தொடங்கி, கெஞ்சி, களைத்து, கடைசியில் ஏதோ ஒன்றை ஒப்புக்கொண்டு அடங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் ஒன்றைக்கூட யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. பாடியவரே இயற்றினார். கூலி பாடியதற்கு மட்டும்தான் கிடைத்தது. 2004-இல் அவர் வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஆனது. அதன்பின் இயற்றியவர் என்ற இடத்தில் ரைட்டோடு டோரியின் பெயரும் வருகிறது. முப்பத்திரண்டு ஆண்டு ஆயிற்று.

அந்த இடத்தில் பெயர் இருப்பது வெறும் மரியாதைக்காக அல்ல. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் போகும், வாசித்தவருக்குப் போகாது. ஸ்டோன்ஸின் 'பிரவுன் ஷுகர்' பாட்டில் வரும் சாக்ஸபோன், 2014-இல் மறைந்த பாபி கீஸுடையது. அது இல்லாமல் அந்தப் பாட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இயற்றியவர்கள் என்று உறையில் இருப்பதோ குழுவின் உறுப்பினர்களான ஜாகர், ரிச்சர்ட்ஸ் இருவர் பெயர் மட்டும்தான்.

கூடத்தை விட்டுக் கிளம்பும் முன்பே, இன்று வாசித்தது எழுதிக் கொடுத்ததா, அங்கேயே பிறந்ததா என்று பேசி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை. அந்தப் பேச்சைக் குழுவின் மேலாளர்தான் எடுக்க வேண்டும். அடுத்த வாரமும் தன்னைக் கூப்பிடுவார்களா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் வாய் திறந்து கேட்கமாட்டார்.