பாலம் கட்டியவர்கள் படத்தில் இல்லை

'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தில் நாசவேலைப் பயிற்சி முகாம் ஒன்று வரும். யப்பானியர் பிடித்த நாடுகளுக்குள் பரசூட்டில் ஆட்களை இறக்கும் 'ஃபோர்ஸ் 316' என்ற ரகசியப் படையின் முகாம் அது. இடம், நமது பேராதனைப் பூங்கா. மூலநாவலை எழுதிய பியர் பூல் இலக்கங்களை இடம் மாற்றிப் போட்டிருந்தார். உண்மையான படை ஃபோர்ஸ் 136. அதன் தலைமையகம் கண்டியில்தான் இருந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தை டில்லியிலிருந்து பேராதனைக்குக் கொண்டுவந்தார். பூங்கா மரங்களுக்கு நடுவே கொட்டகைகள் எழுந்தன. அமெரிக்க உளவுத்துறையும் கண்டியிலேயே கடை விரித்தது. அதன் ரகசியக் கோப்புகளைப் பார்த்துக்கொண்ட ஜூலியா மக்வில்லியம்ஸ்தான், பின்னாளில் ஜூலியா சைல்ட் ஆகி அமெரிக்கர்களுக்குப் பிரெஞ்சுச் சமையல் சொல்லிக்கொடுத்தவர்.

போர்க்காலத் திரைப்படங்களுக்கு இந்த இதழில் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். எதிரி பிடித்த நாட்டுக்குள் நடக்கும் எதிர்ப்பையும் ரகசியப் பயணத்தையும் லண்டனும் ஹொலிவூட்டும் அந்த ஆண்டுகளில் சலிக்காமல் எடுத்துத் தள்ளின. 1943இல் வந்த 'எட்ஜ் ஒஃப் டார்க்னஸ்' படத்தில் எரல் ஃபிளின் நோர்வே மீனவர். ஊரே திரண்டு நாஸிகளை எதிர்க்கிறது. அந்த ஊராருக்கெல்லாம் முகம் உண்டு, பேச்சு உண்டு, கோழைத்தனமும் உண்டு. அதே ஃபிளின் 1945இல் 'ஒப்ஜெக்டிவ், பர்மா!' படத்தில் பர்மாவுக்குள் குதிக்கிறார். பர்மியருக்கு அதில் கதையே கிடையாது. ஐரோப்பாவில் மக்களைப் பார்த்த கமெரா ஆசியாவுக்கு வந்ததும் காட்டைத்தான் பார்க்கிறது.

அந்தப் படத்துக்குப் பிரித்தானியாவில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. பர்மாவை மீட்டது தங்கள் 14ஆம் படை, அமெரிக்கர் மட்டும் மீட்டதாகக் காட்டுவதா என்று கொதித்தார்கள். லண்டனில் ஒரு வாரத்தில் படம் திரையிலிருந்து அகற்றப்பட்டது. திரும்ப வந்தது 1952இல். கோபம் நியாயமானதே. அந்த 14ஆம் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

தமிழிலும் இப்படிப் படங்கள் வந்தன. பிலிமுக்குப் பங்கீடு, நீளத்துக்கு 11,000 அடி வரம்பு என்று நெருக்கிய அரசு, போருக்கு ஆதரவான படம் எடுக்கும்படி முதலாளிகளைத் தள்ளியது. கே. சுப்பிரமணியம் 'மானசம்ரட்சணம்' எடுத்தார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1945இல் 'பர்மா ராணி'யைத் தந்தது. யப்பானியர் வசமிருக்கும் பர்மாவில் சிக்கிய இந்திய விமானப்படையினருக்குத் துணை நிற்பவர் கே.எல்.வி. வசந்தா, யப்பானியத் தளபதியாகத் தயாரிப்பாளர் டி.ஆர். சுந்தரமே வந்தார். இன்று பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனாலும் கதைக்கு நடுவில் தமிழ் பேசும் ஒரு பெண் நின்றாள். அதை ஹொலிவூட் செய்யவில்லை. சேலத்தில் சொல்ல முடியாத கதை வேறு. மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பெண்கள் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, யப்பானியரின் பக்கம் நின்று, அதே பர்மாவுக்குப் போயிருந்தார்கள். பிரித்தானியத் தணிக்கை அதை விட்டிருக்காது.

'குவாய்' 1957இல் வந்தது. போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள். பிரசாரம் செய்யவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஆசியரைக் காணாத பழக்கம் மட்டும் போகவில்லை. படம் சொல்லும் பாலம் சயாம் – பர்மா ரயில்பாதையில் வருவது. அந்தப் பாதை 415 கிலோமீட்டர். அதில் 60,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பிடித்துவரப்பட்ட ஆசியத் தொழிலாளரோ 180,000க்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மடிந்ததாக மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து லொறியிலும் ரயிலிலும் ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர் அதில் பல்லாயிரம். கொலராவிலும் மலேரியாவிலும் செத்தவர்களைக் கணக்கெழுதக்கூட ஆளில்லை. பூல் போருக்கு முன்பு மலாயாவில் இறப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளியை அறியாதவரல்ல. படத்தில் ஆசியர் என்றால் பெரும்பாலும் யப்பானியரும், கொமாண்டோக்களுக்குச் சாமான் சுமக்கும் சயாம் பெண்களும்தான்.

படத்துக்காகப் பாலத்தைக் கட்டி வெடிவைத்துத் தகர்த்தது கித்துல்கலயில், களனி ஆற்றின் மேல். கங்காணி முறையில் கொண்டுவரப்பட்ட தமிழர் மலையகமெங்கும் அப்போது கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள் அவர்கள். சயாமில் செத்தவர்களின் ஊர்க்காரர்கள், சிலர் சொந்தக்காரர்களாகவும் இருந்திருப்பார்கள். படம் ஏழு ஒஸ்கார் வாங்கியது.

நம்மவர் எழுதாமல் இருக்கவில்லை. மலேசியாவில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் இருக்கின்றன. கண்டியில் இவற்றைத் தேடுகிறவர் அலைய வேண்டியிருக்கும்.

மலாயாவுக்குப் போன உறவினர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், ரயில்பாதைக்குப் பிடித்துப்போன கதை வீட்டில் பேசப்பட்டிருந்தால், எழுதி அனுப்புங்கள். எழுத வராதவர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்பினாலும் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அடுத்த இதழில் அதற்கு இடம் வைத்திருக்கிறோம்.