நோய்க்கு மருந்துண்டு, படுக்க இடமெங்கே?

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவில், கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து பேராதனையை அடையுமுன் வருவது பிலிமத்தலாவை. பித்தளை விளக்குகள் வரிசையாய் மின்னும் கடைகள், கடலாதெனிய விகாரைக்குப் பிரியும் வழி, சிறிய புகையிரத நிலையம், இறையியற் கல்லூரி. பகலில் இச்சந்தியில் இறங்குபவர் கண்ணுக்கு இவையே தெரியும். கடைகள் அடைத்து, பஸ்களின் இரைச்சலும் ஓய்ந்தபின் நின்று பார்ப்பவருக்கு வேறொன்று தெரியும். மூடிய கதவொன்றின் முன்னே சாக்கைப் போர்த்திக் குந்தியிருந்த ஒரு மாதுடன் அண்மையில் நாம் பேச நேர்ந்தது. வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். “இங்கேயா அம்மா தூங்குவீர்கள்?” என்று வினவினோம். “ராத்திரியில் தூங்க முடியுங்களா ஐயா? பகலில் கண்டி பஸ் நிலையத்தில் தூங்கிக்கொள்வேன்” என்றார்.

இரவில் கண்மூட அஞ்சும் ஒரு பெண்ணின் இந்த மறுமொழியை, மேகநோய் பற்றி அறிவுரை கூறப் புறப்படும் கனவான்கள் முதலிற் கேட்டல் வேண்டும். ஒழுக்கம் கெட்டது, நோய் வந்தது என்ற பழைய பல்லவியையே படித்தவரும் பாடுகின்றனர். நாம் சொல்வது வேறு. வீடற்ற பெண்ணைப் பாலியல் நோய் பற்றுவதற்கு முதற் காரணம், தாழிட்டுக்கொள்ள அவளுக்கு ஒரு கதவு இல்லாமையே.

இந்நோய்கள் எத்தகையன? கிரந்தி என்று நாட்டார் வழங்கிய சிபிலிஸ், முதலில் வலியற்ற ஒரு புண்ணாகத் தோன்றிச் சில வாரங்களில் தானே ஆறிவிடும். குணமாயிற்று என்று நோயாளி நம்புவார். கிருமியோ உடலில் ஒளிந்திருந்து, ஆண்டுகள் பல சென்றபின் இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும்; கருவுற்ற தாயிடம் இருப்பின் வயிற்றுச் சிசுவையும் கொல்லக்கூடும். வெட்டை எனப்படும் கொனோரியாவும், கிளமிடியாவும் பெண்களிற் பெரும்பாலாருக்கு அறிகுறி எதுவும் காட்டுவதில்லை. கருக்குழாயை உள்ளே சிதைத்துவிட்டு, அடிவயிற்று வலியாகவோ பிள்ளைப்பேறின்மையாகவோ பின்னர் வெளிப்படும். எச்.ஐ.வி.யும் ஆண்டுக்கணக்கில் மௌனமாய் இருக்க வல்லது. ஆகவே, வருத்தம் கண்டால் வைத்தியரிடம் போகட்டும் என்ற பேச்சு இங்கே பொருந்தாது. பரிசோதித்தாலன்றிப் பலருக்கு நோய் தெரியாது.

மருந்து இல்லையா? உண்டு. 1943 ஆம் ஆண்டிலேயே சிபிலிசைப் பெனிசிலின் வென்றுவிட்டது. ஆரம்ப நிலையில் ஒரே ஊசி போதும். முற்றிய நிலையில் வாரத்துக்கு ஒன்றாக மூன்று. எச்.ஐ.வி. தொற்றியவர் நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு, கிருமி இரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், அவரிடமிருந்து பாலுறவால் அது பிறருக்குப் பரவுவதில்லை. பலாத்காரத்துக்கு ஆளானவருக்கு 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கினால் எச்.ஐ.வி. தொற்றாமற் தடுக்கலாம். எல்லாம் சரி. மூன்று வாரம் தொடர்ந்து வரவேண்டியவளைப் பொலிசார் மூன்றாம் நாளே அடுத்த ஊருக்கு விரட்டிவிட்டால்? மாத்திரை வைத்திருந்த பையை உறங்கும்போது எவனோ எடுத்துச் சென்றால்? அந்த 72 மணி நேரத்துக்குள் எங்கே போகவேண்டும் என்று சொல்ல அருகில் ஒருவருமில்லாவிட்டால்?

வீதியில் வாழும் பெண் இரவில் எவனுக்கும் எளிதில் அகப்படுபவள். அதற்கஞ்சி, பலரிடமிருந்து காக்க ஒருவன் இருக்கட்டுமென்று ஓர் ஆணை அண்டுகிறாள். அவன் கேட்கும் விலை அவள் உடல். ஒரு வேளைச் சோற்றுக்கும், மழைக்கு ஒதுங்க ஓர் இடத்துக்கும் அதே விலைதான். ஆணுறை அணிந்துகொள் என்று அவனிடம் சொல்லும் நிலையிலா அவள் இருக்கிறாள்? மனநோயினால் வீட்டை விட்டு வந்தவளென்றால் தனக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்லவும் அறியாள். குளிரையும் அச்சத்தையும் மறக்க மதுவையும் போதைப்பொருளையும் நாடியவர்களும் உளர். குளிக்கத் தண்ணீரும் மாற்றத் துணியுமில்லாத வாழ்வில், தன் உடலிற் கண்ட புண் எதனால் வந்ததென்று ஆராய்ந்து பார்க்க யாருக்கு முடியும்?

இத்தகையவளுக்கு அரசின் சட்டம் என்ன செய்கிறது? வெள்ளையர் 1841 ஆம் ஆண்டில் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்றும் நம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பாலியல் தொழில் புரிவதையே குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. ஆயினும் தெருவில் நின்றாள், திரிந்தாள் என்று ஒரு பெண்ணைப் பிடித்து நீதவான் முன் நிறுத்த இக்கட்டளைச் சட்டம் கைகொடுக்கிறது. கைப்பையில் ஆணுறை இருந்ததையே அவளுக்கு எதிரான சாட்சியாகக் காட்டிய சம்பவங்களைப் பெண்கள் அமைப்புகள் பன்முறை எடுத்துரைத்துள்ளன. சுகாதாரத் துறை இலவசமாகக் கொடுத்த ஆணுறையைப் பொலிஸ் துறை குற்றச் சான்றாகப் பறிக்கிறது! அரசாங்கத்தின் வலக்கை செய்வதை இடக்கை அழிக்கும் இந்த விந்தையை என்னவென்பது? இதற்கு முன்னோடியான 1824 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்குவதென 2022 இல் இங்கிலாந்துப் பாராளுமன்றமே சட்டமியற்றிற்று. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய விதிகளை 2018 இல் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாவென்றது. நாமோ எசமானர் கழற்றி எறிந்த சட்டையை விடாது அணிந்திருக்கிறோம்.

பிடித்து அடைத்துப் பரிசோதித்தால் நோய் அடங்காதோ என்று கேட்பார் உளர். அதையும் செய்து பார்த்தாயிற்று. படைவீரரைக் காக்கவென 1864 இல் இங்கிலாந்திலும், 1868 இல் இந்தியாவிலும் தொற்றுநோய்ச் சட்டங்கள் வந்தன. பெண்களைக் கட்டாயமாகச் சோதித்துப் பூட்டிய மருத்துவமனைகளில் அடைத்தனர். அவர்களிடம் சென்ற ஆண்களை அச்சட்டம் தொடவேயில்லை. ஜோசபின் பட்லர் அம்மையாரும் அவர் தோழியரும் நடத்திய நெடும் போராட்டத்தின் பின் 1886 இல் இங்கிலாந்திலும், 1888 இல் இந்தியாவிலும் அவை ஒழிந்தன. பாடம் கற்றோமா? 1986 இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையிற் கண்டறிந்தனர். அரசுக் காப்பகத்தில் அடைபட்டிருந்த பெண்களிடம் பெற்ற இரத்தம் அவ்வாராய்ச்சிக்கு உதவிற்று. அதன் பின் நடந்தது கேளுங்கள்: தொற்றுக் கண்ட பெண்கள் தடுப்புக் காலம் முடிந்தும் வெளியே விடப்படவில்லை. 1990 இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அவர்களுக்குக் கதவு திறந்தது. வைத்தியரிடம் சென்றால் சிறை என்று ஒருமுறை அறிந்த பெண், மறுமுறை எந்த வைத்தியரிடமும் வரமாட்டாள்.

இது யாரோ பிறத்தியார் கதை என்று நம்மவர் வாளாவிருத்தலும் தகாது. கண்டி மாவட்டத்தில் வீதியே வீடான வரலாறு நமக்கு உண்டு. 1973, 1974 ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் தோட்டங்களைச் சூறையாடிற்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களை அடுத்து இப்பகுதித் தோட்டங்கள் பலவற்றிலிருந்து தமிழ்த் தொழிலாளர் லயங்களை இழந்து வெளியேறினர். கண்டியிலும் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் நம் தாய்மார் கையேந்தி நின்றனர். 1948 இற் குடியுரிமை பறிபோனதால் நாடும் இல்லை. லயம் போனதால் கூரையும் இல்லை. அன்று அவர்களுக்கு இரவில் என்ன நேர்ந்தது என்று எவரும் எழுதிவைக்கவில்லை. சொந்தமாய் இரண்டு பரப்பு நிலம் வைத்திருக்கும் விவசாயி இதை ஊன்றி நோக்குவாராக. நிலமும் வீடும் போனபின் ஒரு குடும்பத்திலே பெண்ணே முதலிற் பலியாகிறாள்.

இந்நாட்டுச் சுகாதாரத் துறையைப் பழிப்பது நம் நோக்கமன்று. தாயிடமிருந்து சிசுவுக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடென்று 2019 இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. கருவுற்ற தாய்மாரை ஊர்தோறும் தேடிச் செல்லும் மருத்துவ மாதரின் உழைப்புக்குக் கிடைத்த வெற்றி அது. ஆனால் அந்த மாது தட்டுவது வீட்டுக் கதவை. கதவில்லாதவளை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? கண்டியில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது, சிகிச்சை இலவசம், இரகசியமும் காக்கப்படும். பிலிமத்தலாவையிலிருந்து பஸ்ஸிற் போனால் நெடுந்தூரமில்லை. எனினும் அந்நிலையம் இருப்பதை நாம் கண்ட அம்மையார் அறிந்திருக்கவில்லை. அறிந்து சென்றாலும், தன் அந்தரங்க நோயைத் தமிழிற் சொல்லக் கூசாத ஓரிடம் அவருக்கு வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் நிறுத்தி இதைச் சொல்லும்படி எந்தப் பெண்ணைக் கேட்பது? 1987 முதல் தமிழும் அரசகரும மொழி என்பதன் பொருள் பெயர்ப்பலகையோடு முடிவதில்லை.

கண்டியிலோ அதன் சுற்றுப்புறத்திலோ பெண்களுக்கென ஓர் இரவுத் தங்குமிடம் வேண்டும். உள்ளே தாழிடும் கதவு, குளிக்கத் தண்ணீர், பையை வைத்துப் பூட்ட ஒரு பெட்டி. அடையாள அட்டை கேளாமலும், குணநலன் விசாரியாமலும் அனுமதி. வாரம் ஒருநாள் தமிழும் சிங்களமும் பேசும் தாதி ஒருவர் பரிசோதனைக் கருவிகளுடன் அங்கே வரட்டும். விரும்பியவர் சோதித்துக்கொள்ளட்டும், விரும்பாதவர் உறங்கட்டும். இது ஆகாத காரியமன்று. வீதியில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்கென 1993 இல் சென்னையில் இரு இளம் பெண்கள் தொடங்கிய பான்யன் இல்லம் எத்தனையோ பேரைக் குணப்படுத்தி ஊருக்கு அனுப்பியிருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் அரச கஜானா இருக்கவில்லை.

மத்திய மாகாண சபை 2018 இற் கலைந்தபின் அதன் காரியங்கள் ஆளுநர் கையிற் சென்றன. ஆயின் கண்டி மாநகர சபைக்கும் யட்டிநுவரப் பிரதேச சபைக்கும் 2025 மே மாதத்தில் மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிந்திருக்கின்றனர். அவர்களுள் நம் வாக்கையும் பெற்றுச் சென்றவர்கள், அடுத்த வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில் இத்தங்குமிடத்துக்கு ஒரு தொகை ஒதுக்கும்படி எழுந்து கேட்கட்டும். 1841 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் பிரேரணையைப் பாராளுமன்றத்தில் யார் கொண்டுவருகிறார், யார் எதிர்த்துக் கை உயர்த்துகிறார் என்பதையும் நாம் குறித்து வைப்போம்.