யாருடைய நள்ளிரவு?

ஒரு விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் ஜூன் 30 என்று அறிவிக்கிறார்கள். அந்த நாள் எப்போது முடிகிறது? நள்ளிரவு 12 மணிக்கு என்பீர்கள். யாருடைய நள்ளிரவு என்பதைக் கணிப்பொறிக்கு நாம் சொல்லியாக வேண்டும்.

வலைச் செயலி எழுதுவோர் நேர மண்டலத்தைக் குறிப்பிடாவிட்டால், கருவி தானே ஒன்றை எடுத்துக்கொள்கிறது. பி.எச்.பி.யும் லாராவெலும் உலகப் பொது நேரத்தைக் கொள்கின்றன. ஜாங்கோவின் அடிப்படை அமைப்பிலோ சிகாகோ நேரம்! அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துச் செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில் பிறந்த மென்பொருள் அது. பிறந்த வீட்டுப் பழக்கம் விடுமா? (புதிய திட்டம் தொடங்கும்போது மட்டும் பொது நேரத்தை எழுதித் தருகிறது.)

பொது நேரம் நமக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. ஆகவே ஜூலை 1 விடியற்காலை 5.30 வரை அந்தச் செயலிக்கு ஜூன் 30தான். லாபம்தானே என்று எண்ண வேண்டா. நள்ளிரவோடு முடிந்தது என நம்பிய லால்குடி மாணவன் படுத்து உறங்கிவிடுகிறான். கதவு திறந்திருப்பதை அறிந்தவன் உள்ளே நுழைகிறான். என்னைப்போல் வீட்டின் முதல் பட்டதாரியாக வருபவனுக்கு இந்தச் சூட்சுமத்தைச் சொல்லித்தர அண்ணனோ அக்காளோ படித்திருக்கவில்லையே!

என் கருத்து இதுதான்: நிகழ்ச்சிகளைச் சேமிக்கப் பொது நேரம் இருக்கட்டும், கடைசி நாள் போன்ற நாட்கணக்கிற்கு இந்திய நேரத்தை வெளிப்படையாக எழுத வேண்டும். அதையும் ஐந்தரை என்று எண்ணாக எழுதாமல், 'ஆசியா/கொல்கத்தா' என்று ஊர்ப்பெயரால் எழுத வேண்டும். அண்டையிலுள்ள இலங்கை 1996இல் இருமுறை கடிகாரத்தை மாற்றி, 2006இல் மீண்டும் ஐந்தரைக்கே வந்தது. ஊர்ப்பெயர் இத்தகைய மாற்றங்களையெல்லாம் நினைவில் வைத்திருக்கும், எண் வைத்திருக்காது. (அங்கே சென்னையின் பெயர் இல்லையே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் சென்னை நேரத்தில் அன்றோ ஓடின!)

இந்திய நேரமும் நம் ஊர்ச் சூரியனின் நேரம் அன்று. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரமே நம் கடிகாரங்களில். திருச்சியோ ஏறத்தாழ 78.7 பாகையில், சூரியக் கணக்கில் 15 நிமிடம் பின்னே. அதனால்தான் ஸ்ரீரங்கத்தில் பஞ்சாங்கம் பார்ப்போர், எந்த ஊர் உதயத்திற்குக் கணித்தது என்று முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நம் செயலிகளிடம் கேட்போர் எத்தனை பேர்? அமைப்புக் கோப்பில் ஒரு வரி, விண்ணப்பத்தின் தலையில் 'இந்திய நேரப்படி இரவு 11.59 வரை' என்று இன்னொரு வரி. எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்?