விடியற்காலை விறைப்பு

காலை ஆறு மணிக்கு எழுந்த குடும்பத் தலைவி, எட்டு மணி வரையில் பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்க மாட்டாமல் தவிக்கிறாள். பதினொரு மணிக்கோ ஒருவாறு நடமாடுகிறாள். "மத்தியானத்தில் இல்லாத நோவு காலையில் மட்டும் எங்கிருந்து வந்தது?" என்று வீட்டார் கேட்கிறார்கள். கேட்பவர்களில் நன்கு படித்தவர்களும் உண்டு. முடக்குவாதத்தின் இயல்பே அதுதான் என்று அறிந்தால் இக்கேள்வி எழாது.

முதுமையில் முழங்கால் தேய்ந்து வரும் வலி நடக்க நடக்க மிகும், ஓய்வில் தணியும். இதுவோ ஓய்ந்திருந்த பின்னரே இறுகப் பற்றுகிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழி தவறி மூட்டுக்களின் உள்ளுறையைத் தாக்க, அவ்வுறை வீங்கித் தடித்து, நாளடைவில் எலும்பையும் அரித்துவிடுகிறது. விரற்கணுக்கள், மணிக்கட்டு, பாதத்தின் சிறு மூட்டுக்கள் முதலியவற்றைப் பெரும்பாலும் இரு பக்கத்திலும் ஒருங்கே பிடிக்கும். ஆடவரைக் காட்டிலும் பெண்டிர்க்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. முப்பது வயதிலும் வருவதாகையால், "வயதானால் வருவதுதானே" என்று தள்ளிப்போடுவது தவறு. எலும்பு அரிக்கப்படுமுன் மருந்து தொடங்கினால்தான் கை கோணாமல் காப்பாற்ற முடியும்.

வைத்தியம் வைத்தியருடையது, உபசாரம் வீட்டாருடையது. எழுந்தவுடன் கைகளை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, விரல்களை மெல்ல மடக்கி நீட்டச் செய்தால் விறைப்புத் தளரும். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருக்கும் நாளில் குளிர்ந்த ஒற்றடம் நல்லது. அப்போது எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுவது ஆகவே ஆகாது. இதை எவ்வளவு சொன்னாலும் நம் வீடுகளில் கேட்பதில்லை. உருவுகிறவர்க்கு அதில் ஒரு திருப்தி.

படுக்கையில் அன்பே தீங்காவதும் உண்டு. முழங்கால் நோகிறதே என்று மகள் அதன் கீழே தலையணை வைக்கிறாள். அப்போதைக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இரவெல்லாம் மடங்கிக் கிடந்த முழங்கால் சில மாதங்களில் மடங்கியபடியே நின்றுவிடலாம். பிறகு நீட்டுவது எளிதன்று. நோவு மிகுந்த நாளில் மூட்டுக்கு ஓய்வு வேண்டும். எனினும் நாள் முழுதும் கிடத்திவிட்டால் தசை நலிந்துபோகும். எழுப்பும்போது விரலைப் பற்றி இழுக்காமல், முழங்கைக்கும் முன்கைக்கும் கீழே நம் கையைக் கொடுத்துத் தாங்க வேண்டும். பள்ளிப் பாடத்தில் எலும்புகள் 206 என்று ஒப்பிக்கச் செய்ய ஏற்பாடு இருக்கிறது. இதைக் கற்பிக்க ஏற்பாடில்லை.

அடுக்களையில் பெரிய சத்துரு ஈரத் துணியும் தண்ணீர்க் குடமுந்தான். பிழியும் வேலையை வேறொருவர் ஏற்கட்டும். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கலாம். அரிவாள்மணைக்குப் பதில் மேஜையும் உயர்ந்த ஆசனமும் வேண்டும். அதற்காக எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வது உபசாரமாகாது. எதைச் செய்ய விரும்புகிறாள் என்று அவளையே கேட்பது மேல். இந்நோயில் வரும் அயர்வு வெளியே தெரியாது. அதைச் சோம்பல் என்று பெயரிடுவது கொடுமை.

இனி மருந்து. இந்நோய்க்கு இன்று பெரிதும் வழங்கும் மெதோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையின் பிறப்பில் நம் நாட்டவர்க்கும் பங்குண்டு. சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்றபோது கதராடை அணிந்ததற்காக ஆசிரியரின் வெறுப்புக்காளாகி, முழுப் பட்டமின்றி வெளியேறிய எல்லாப்பிரகட சுப்பாராவ், 1940-களில் அமெரிக்காவின் லெடர்லே ஆராய்ச்சிச்சாலையில் தலைமை வகித்து நடத்திய வேலையின் பயன் அது. முதலில் புற்றுநோய்க்கென்று வந்த மருந்து. 1988-ல் அந்நாட்டில் முடக்குவாதத்துக்கும் அனுமதி பெற்றது.

இதனை இந்நோய்க்கு வாரத்தில் ஒரே நாள்தான் கொடுக்க வேண்டும். நாள்தோறும் கொடுத்துவிட்டதால் எலும்பு மஜ்ஜை கெட்டு உயிர் இழந்தோர் உண்டு. உடன் கொடுக்கும் போலிக் அமில மாத்திரையும் பல சமயங்களில் அதே போன்ற சிறு மஞ்சள் வில்லையாக இருப்பதால், இரண்டையும் வெவ்வேறு டப்பியில் வைத்து, கிழமையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுவது அவசியம். கொடுத்தவுடன் நாட்காட்டியில் குறிக்க வேண்டும். கருவுற்றவர்க்கும் கருவுற எண்ணுவோர்க்கும் இம்மருந்து கூடாது. வைத்தியர் குறிக்கும் தவணைகளில் இரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது. வலி தணிந்துவிட்டதென்று, நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் அபாயம். வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் மெதோட்ரெக்ஸேட்டின் அடுத்த வாரத்து மாத்திரைக்குக் காத்திராமல் அன்றே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.